மே 11: அமெரிக்காவிலும் ஒரு லயம் இருந்தது



மே தினம் முடிந்தது. மேடைகளைக் கழற்றியாகிவிட்டது. கொடிகளை மடித்து வைத்தாகிவிட்டது. தொழிலாளி என்ற சொல்லுக்கு இனி அடுத்த மே மாதம் வரை விடுமுறைதான்.

இன்று மே 11. மே 1ஐப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் மே 11ஐப் பற்றி எழுத நினைத்தோம். கொஞ்சம் நீளமான பதிவு. சம்பள நாளில் கடையில் சனம் குறைந்த நேரமாகப் பார்த்தாவது வாசித்துவிடுங்கள்.

1977 மே 11. அட்டனிலிருந்து தலவாக்கலை போகும் பாதையில் நாம் தினமும் கடந்துபோகும் டெவன் தோட்டம். நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்துப் பகிர்ந்தளிக்க அன்றைய அரசு முடிவு செய்தது. அந்த மண்ணிலேயே பிறந்து வேலை செய்த மக்களுக்கு அதில் இடமில்லை. தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள். பொலிஸார் சுட்டார்கள். சிவனு லெட்சுமணன் செத்தார். சம்பளம் கேட்டதற்காக அல்ல, காணிக்காக.

1894 மே 11. அமெரிக்காவின் சிக்காகோ நகரின் ஓரத்தில் புல்மன் என்ற ஊர். ரயில் பெட்டி செய்யும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சம்பளத்துக்காகத் தொடங்கிய போராட்டம் அது. ஆனால் அதன் அடியில் இருந்ததும் வீடுதான்.

திகதி ஒன்றாக வந்தது தற்செயல். கதை ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

கைத்தொழில் புரட்சி படிப்பிக்கும்போது, இங்கிலாந்தோடு நிறுத்தாமல் அமெரிக்காவைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அங்கே உள்நாட்டு யுத்தம் முடிந்த பிறகு ஒரு தலைமுறைக்குள் கண்டம் முழுவதும் தண்டவாளம் போட்டார்கள். அந்த நூற்றாண்டு முடியும்போது உலகத்திலேயே அதிகம் உருக்கு வார்க்கும் நாடு அமெரிக்காதான். ராக்ஃபெல்லர், கார்னகி, புல்மன் என்று பெரும் பணக்காரர்கள் எழும்பினார்கள். அதே காலத்தில் தொழிலாளர்களும் எழும்பினார்கள். 1877இல் சம்பளத்தை வெட்டியதற்கு எதிராக ரயில்வே வேலைநிறுத்தம் நாடு முழுக்கப் பரவியது. 1886 மே 1இல் எட்டு மணிநேர வேலை கேட்டுப் போராட்டம் நடந்தது. அடுத்த சில நாட்களில் சிக்காகோ ஹேமார்க்கட்டில் குண்டு வெடித்தது. அதை எறிந்தவர் யார் என்று நிரூபிக்காமலே 1887 நவம்பரில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். நாம் கொண்டாடும் மே தினம் அங்கிருந்து வந்தது.

நமக்குத் தொடர்பில்லாத தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். அட்டனுக்கு ரயில் வந்தது 1884இல். நானுஓயாவுக்கு 1885இல். கோப்பி நோயில் அழிந்து, இந்த மலையெல்லாம் தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இலங்கைக்கென்று தனி மண்டபம் கட்டி, வந்தவர்களுக்கு நம் தேயிலையை ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கண்காட்சிக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகும் இடங்களில் ஒன்றாகப் புல்மன் ஊரும் இருந்தது. நம் லயத்துத் தேயிலையைக் குடித்துவிட்டு அங்கத்தைய லயத்தைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

லயம் என்று நாங்கள் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஒரு பிள்ளைதான் சொன்னது. புல்மன் கதையைக் கேட்டுவிட்டு, "டீச்சர், அப்ப அமெரிக்காவுலயும் லயம் இருந்துச்சா?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவே.

புல்மன் கட்டிய வீடுகள் நம் லயன் காம்பிரா போல இல்லை என்பது உண்மை. செங்கல் வீடு, குழாய்த் தண்ணீர், பூங்கா, நூலகம் எல்லாம் இருந்தன. ஆனால் வீடு கம்பனியுடையது. கடைக் கட்டடம் கம்பனியுடையது. தேவாலயம்கூடக் கம்பனியுடையது. வீட்டை வாங்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. வாடகைக்கு மட்டும்தான். 1893இல் அமெரிக்காவில் பொருளாதாரம் விழுந்தது. புல்மன் கம்பனி சம்பளத்தைச் சராசரியாகக் காற்பங்கு வெட்டியது. வீட்டு வாடகையை ஒரு சதமும் குறைக்கவில்லை. அந்த வாடகையும் பக்கத்து ஊர்களைவிடக் கூட. வாடகை போக, கையில் மிஞ்சியது சாப்பாட்டுக்கே போதவில்லை.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். வேறு ஊரில் சொந்த வீட்டில் இருந்தவனுக்குச் சம்பளத்தை வெட்டினால் அவன் சண்டை போடலாம், வேலையை விடலாம், வேறு வேலை தேடலாம். புல்மனில் இருந்தவன் முதலாளியோடு சண்டை போட்டால் வீட்டுக்காரனோடும் சண்டை போட்டவன் ஆகிறான். வேலை போனால் கூரையும் போகும். இரண்டும் ஒரே கையில்.

ஆனாலும் போராடினார்கள். யூஜீன் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே தொழிற்சங்கம் ஆதரவுக்கு வந்தது. புல்மன் பெட்டி பூட்டிய ரயிலைத் தொட மாட்டோம் என்று நாட்டின் பெரும் பகுதியில் தொழிலாளர்கள் மறுத்தார்கள். ஜனாதிபதி கிளீவ்லண்ட் இராணுவத்தை அனுப்பினார். உயிர்கள் போயின. டெப்ஸ் சிறைக்குப் போனார். வேலைநிறுத்தம் தோற்றது. அந்த மோதலுக்கு நடுவில்தான் அதே ஜனாதிபதி தொழிலாளர் தினத்தை அரச விடுமுறையாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு கையில் விடுமுறை, மறு கையில் துப்பாக்கி. மே தின மேடைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1898இல் இலினோய் மாநில உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ரயில் பெட்டி செய்யத்தான் உனக்கு அனுமதிப் பத்திரம், ஒரு ஊரையே சொந்தமாக வைத்திருக்க அல்ல, தொழிலுக்குத் தேவையில்லாத ஆதனங்களை விட்டுவிடு என்பதுதான் அதன் சாரம். சில வருடங்களுக்குள் வீடுகள் கம்பனியின் கையைவிட்டுப் போயின.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: ஆம், அமெரிக்காவிலும் லயம் இருந்தது. அங்கே 20 வருடத்துக்குள் அது பிழை என்று ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே 200 வருடம் ஆகிவிட்டது.

நம் மலையக வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு போராட்டத்தின் கழுத்திலும் கூரை என்ற கயிறு கட்டியிருக்கும்.

முதலில் துண்டு முறை. தொழிலாளியின் கடனை எழுதிய துண்டு இல்லாமல் அவர் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. துண்டு போனாலும் பத்துச்சீட்டு இருந்தது. பத்துச்சீட்டு என்றால் வேலை நீக்கம் மட்டுமல்ல. அடுப்பையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கு என்று அர்த்தம்.

1931இல் நம் அட்டன் நகரில்தான் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தைத் தொடங்கினார். அவரும் மனைவி மீனாட்சியம்மையும் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். தோட்டம் தனியார் சொத்து, துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் நுழைந்தால் குற்றம். அதனால் நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயத்துக்குள் போனார் என்று சொல்வார்கள். ஏன் புடவை வியாபாரி? லயத்துக்குள் தாராளமாகப் போய்வர முடிந்த வெளியார் வியாபாரிகள்தான். சீலை மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு நடந்த எங்கள் மூத்தவாப்பாமாரும் அதில் அடக்கம். தன் வீட்டுக்கு யார் வரலாம் என்பதைக்கூட அங்கே குடியிருப்பவர் முடிவு செய்ய முடியாத நிலை. புல்மனிலும் இதுதான் நடந்தது. கம்பனிக்குப் பிடிக்காத கூட்டத்துக்கு அந்த ஊரில் இடம் கிடையாது.

1940 ஜனவரி 10, முல்லோயாத் தோட்டம். சம்பள உயர்வும் சங்க உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். அந்த விசாரணை ஆணைக்குழுவில் அவருடைய மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார்.

1946, கேகாலைப் பக்கம் நேவ்ஸ்மியர் தோட்டம். மலையகத்தில் உருளவள்ளிப் போராட்டம் என்பார்கள். அங்கே குடியிருந்த தொழிலாளர் குடும்பங்களை வெளியேறச் சொன்னார்கள். பல தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். சம்பளத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. எங்களை எங்கே போகச் சொல்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

இரண்டு வருடம் கழித்து அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம். நீங்கள் இந்த நாட்டவரே இல்லை என்றார்கள். அடுத்த வருடம் வாக்கும் போனது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தபோது, அந்தக் காணியில் பங்கு கேட்கக்கூட இவர்களில் பெரும்பாலோருக்கு உரிமை இருக்கவில்லை. அதன் தொடர்ச்சிதான் 1977இல் டெவன். காணியில்லாத கிராமத்து ஏழைக்குக் காணி கொடுப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. அங்கேயே கிடந்து உழைத்த ஏழையைப் பட்டியலிலிருந்து வெட்டியதைத்தான் சொல்கிறோம்.

இனி இன்றைய கதைக்கு வருவோம்.

2021இல் 1000 ரூபாய் நாட்சம்பளம் கிடைத்தது. பட்டாசு கொளுத்தினோம். அதன் பிறகு பல தோட்டங்களில் என்ன நடந்தது? பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை கூடியது. நிறை குறைந்தால் அரைப் பேர். வேலை நாட்கள் குறைந்தன. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1700 ரூபாய் என்றார் அன்றைய ஜனாதிபதி. கம்பனிகள் நீதிமன்றம் போயின. வர்த்தமானி நின்றது. கடைசியில் 1350. 2025 வரவு செலவுத் திட்டத்திலும் 1700 என்ற சொல் வந்தது. அப்போது வந்தது சொல்தான்.

சம்பளப் போராட்டம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1984இல் எல்லாச் சங்கமும் சேர்ந்து நின்றபோது பெண்ணுக்கும் ஆணுக்கும் சம சம்பளம் வென்றோம். அது பெரிய வெற்றி. ஆனால் கூரை முதலாளியின் கையில் இருக்கும்வரை, கூட்டிய சம்பளத்தை வேறு வழியில் திருப்பி எடுக்க அவருக்கு ஆயிரம் கதவு உண்டு. தொழிலாளிக்கு ஒரு கதவு கூட இல்லை, ஏனென்றால் அவர் வீட்டுக் கதவே அவருடையது அல்ல.

எங்கள் மாணவி ஒருத்தியின் கதையைச் சொல்கிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு. ஒரு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்புக் கடிதம் வந்தது. லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. லயத்துக்கு இலக்கமும் இல்லை. கடிதம் தோட்டத்து ஒபீசுக்கு வந்து கிடந்தது. அது கைக்குக் கிடைத்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து நான்கு நாள். அந்தப் பிள்ளை இப்போது கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். அவளுடைய தாய் எங்களிடம் வந்து யாரையும் திட்டவில்லை. "நமக்கு ஒரு அட்ரஸ் இல்லையே டீச்சர்" என்று மட்டும் சொன்னார். இந்தப் பதிவில் நாங்கள் எழுதும் அத்தனையும் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கும்.

ஊரில் பேசப்படும் மூன்று கதைகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

முதல் கதை: "கம்பனிக்கு நட்டம். காணியைப் பிரித்துக் கொடுத்தால் தேயிலை அழிந்துவிடும்."
இலங்கைத் தேயிலையில் முக்கால்வாசிக்கு அருகில் விளைவது கம்பனித் தோட்டங்களில் அல்ல. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களின் சொந்தக் காணிகளில். சொந்தக் காணி வைத்திருப்பவன் கைதான் இன்று இந்த நாட்டின் தேயிலையைத் தாங்குகிறது. தெற்கில் ஒரு குடும்பத்துக்குக் காணி இருந்தால் தேயிலை வளரும், மலையில் இருந்தால் அழியும் என்பது என்ன கணக்கு? இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் காணி கம்பனியுடையதும் அல்ல. காணி அரசினுடையது. 1992இலிருந்து கம்பனிகள் நிர்வாகத்துக்கு வந்தன, அவர்களுக்கு 53 வருடக் குத்தகை. அவர்களும் வாடகைக்கு இருப்பவர்கள்தான். நேற்று வந்தவருக்கு 53 வருட உறுதி. நான்கைந்து தலைமுறையாக இருப்பவருக்கு ஒரு வருட உறுதியும் இல்லை.

இரண்டாவது கதை: "வீடுதான் கட்டிக் கொடுக்கிறார்களே."
கொடுக்கிறார்கள், நல்லது. இந்திய உதவியில் 4000 வீடு, 2017இல் நோர்வூட்டுக்கு வந்து பிரதமர் மோடி சொன்ன இன்னும் 10,000 வீடு. ஏழு பேர்ச் என்றார்கள், பிறகு பத்துப் பேர்ச் என்றார்கள். ஆனால் வீட்டில் குடியேறிய பிறகும் உறுதிக்காக அலையும் குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். உறுதி இல்லாத வீடு என்றால் பெயின்ட் அடித்த லயம். புல்மனின் வீடும் அழகான வீடுதான். அமெரிக்காவில் கார்னகி என்ற உருக்கு முதலாளி ஊர் ஊராக நூலகம் கட்டிக் கொடுத்தார். அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் 1892இல் தொழிலாளர் சங்கத்தை உடைக்கக் கூலிக் காவற்படை இறக்கப்பட்டு, இரு பக்கமும் உயிர்கள் போயின. கொடையைக் கண்டு உரிமையை மறந்துவிடக் கூடாது. கோவில் திருவிழாவுக்கு நன்கொடையும் விளையாட்டுப் போட்டிக்கு ரீ-சேர்ட்டும் வாங்கும்போது நாமும் இதை நினைவில் வைத்திருப்போம்.

மூன்றாவது கதை எங்கள் ஆட்கள் சொல்வது. அதனால் அதைக் கொஞ்சம் காரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: "அது தோட்டத்து ஆட்கள் பிரச்சினை. நமக்கென்ன?"

நமக்கென்னவா? பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம் போட்டால்தான் அட்டன் கடைத்தெருவில் கல்லாப்பெட்டி திறக்கிறது. நம் கடன் கொப்பியைத் திறந்து பாருங்கள், அதில் எழுதியிருக்கும் பெயர்கள் யாருடையவை? கடையை வாடகைக்கு எடுத்து நடத்துகிறவர்களுக்குத் தெரியும், கடைக்காரர் எப்போது வந்து காலி பண்ணச் சொல்வாரோ என்று நித்திரை வராமல் புரளும் இரவு எப்படி இருக்கும் என்று. ஒரு சுவரை உடைத்துக் கட்டக்கூட அவரிடம் கேட்க வேண்டும். அந்தக் கடையை ஒருநாள் நம் பெயரில் எழுதிக்கொண்டால் ஷுக்ர் செய்து ஊருக்கே சாப்பாடு போடுகிறோம். அந்த நிம்மதி லயத்தில் இருப்பவருக்குத் தேவையில்லையா? கூலியைத் தாமதிக்கக் கூடாது என்று நமக்குச் சொல்லித் தந்த மார்க்கம், அக்கம்பக்கத்தாரின் உரிமையையும் சொல்லித் தந்திருக்கிறது.

டெப்ஸின் ரயில்வே சங்கத்தைப் பற்றி ஒரு விஷயத்தை மேலே சொல்லாமல் விட்டோம். அந்தச் சங்கம் கறுப்பினத் தொழிலாளரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று 1894இல் வாக்கெடுத்துத் தீர்மானித்தது. டெப்ஸ் எதிர்த்தும் நடக்கவில்லை. புல்மன் ரயில் பெட்டிகளில் பணியாளராக நின்றவர்கள் கறுப்பினத்தவர்கள். அவர்களுக்குக் கதவைப் பூட்டிவிட்டு அந்தக் கம்பனியோடு மோதப் போனார்கள். வாசலில் நிற்பவனை "நீ வேறு ஆள்" என்று தள்ளிவிட்ட போராட்டம் அரைவாசி பலத்தோடுதான் களத்துக்குப் போகிறது.

நம் மலையகத்தில் இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. அப்துல் அஸீஸ். குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம். தமிழ் அவருடைய தாய்மொழிகூட இல்லை. ஆனால் இலங்கை இந்தியக் காங்கிரஸின் முன்னணித் தலைவராகத் தோட்டத் தொழிலாளருக்காக நின்றார். பின்னர் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்தினார். "அது அவர்கள் பிரச்சினை" என்று அவர் சொல்லவில்லை. அவருடைய பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? படிப்பிக்கிற எங்களுக்கும் அதில் வெட்கம் உண்டு.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

தொழிற்சங்கத் தலைவர்களே, மாதாமாதம் சந்தா வெட்டப்படுகிறது. அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது ரூபாய்க் கணக்கோடு காணிக் கணக்கையும் கொண்டு போங்கள். எத்தனை குடும்பத்துக்கு உறுதி கிடைத்தது, எத்தனை குடும்பத்துக்கு இல்லை என்று தோட்டம் தோட்டமாக எழுதி வெளியில் போடுங்கள். போட முடியாவிட்டால் ஏன் என்று சொல்லுங்கள்.

பிரதேச சபை உறுப்பினர்களே, லயங்களுக்கு இலக்கம் போடுங்கள், பாதைக்குப் பெயர் வையுங்கள், தபால் நேராக வீட்டுக்கு வர வழி செய்யுங்கள். இதற்கு வர்த்தமானிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

உறுதி எழுதும்போது ஆணின் பெயரை மட்டும் போடாதீர்கள். கொழுந்துக் கூடையைச் சுமக்கிறவள் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

கடைத்தெரு நண்பர்களே, சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகமும் ஒன்றாக உட்கார்ந்து இந்தக் கோரிக்கைக்கு ஒரு கடிதம் எழுதுவோம். கடை அடைக்கச் சொல்லவில்லை. கையெழுத்துத்தான் கேட்கிறோம்.

எங்களைப் போல படிப்பிக்கிறவர்களே, மே 1க்குச் சிக்காகோவைச் சொல்லும்போது, மே 11க்கு டெவனையும் சொல்லுங்கள். முல்லோயாக் கோவிந்தன் பெயரைச் சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் செத்தவரைத் தெரியாமல் சிக்காகோவில் செத்தவரை மட்டும் தெரிந்துகொண்ட பிள்ளை, பரீட்சையில் புள்ளி எடுக்கும். தன் வீட்டுக் கதவு யாருடையது என்று கேட்காது.

அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு எங்கள் பதிலில் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. அமெரிக்காவில் லயம் இருந்தது, பிறகு இல்லாமல் போனது என்று சொல்லிவிட்டோம். இங்கே எப்போது இல்லாமல் போகும் என்று அது கேட்டால், அடுத்த மே 11க்குள் அதற்குச் சொல்ல நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

சரி பிழை இருந்தால் கீழே எழுதுங்கள். சரி என்று பட்டால் உங்கள் தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.